சுரண்டப்பட்ட பெயர்கள்

தொகுத்தல் எளிய தொழில் என்று எண்ணுவோர் உளர். பிறர் எழுதியதையும் பிறர் பாடியதையும் எடுத்து அடுக்கி வைப்பதில் புலமைக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. சங்கத் தொகை நூல்களே இதற்குத் தக்க விடை. சிதறிக் கிடந்த பாடல்களைத் திரட்டியவர் இலரேல் இன்று நமக்குக் குறுந்தொகை இல்லை; புறநானூறும் இல்லை. ஆக்கியோன் பெயர் மறைந்துபோன பாடலையும் தொகை மரபு கைவிட்டதில்லை. அதனை வேறொருவர் கணக்கில் எழுதியதும் இல்லை. அப்பாடலில் ஒளிரும் தொடர் ஒன்றையே அவருக்குப் பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று வழங்கியது. பெயர் தெரியாதவருக்கும் ஓர் இடம் உண்டு, அவருடைய பொருள் அவருடையதே என்னும் நேர்மை அதில் இருக்கிறது.

நம் மார்க்கப் பேரறிஞர்கள் இந்நேர்மையை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தனர். ஒரு நபிமொழி காதில் விழுந்தால், சொல்லப்பட்டது யாது என்பதோடு சொன்னவர் யார் என்றும் கேட்டனர். அவர் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, சந்தித்தவரா, நினைவாற்றலும் நாணயமும் உடையவரா என்றெல்லாம் துருவினர். இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரும், அஸ்மாவுர் ரிஜால் என்னும் அறிவிப்பாளர் வரலாற்றுக் கலையும் அவ்வாறு வளர்ந்தவை. பெயர் ஓர் அமானிதம் என்று கண்ட சமுதாயம் நம் சமுதாயம்.

இவ்விரண்டு அளவுகோல்களையும் கையிற்கொண்டு, தொலைவிலுள்ள ஒரு தீவின் இசைத்தொகுப்பை ஈண்டு மதிப்பிட விழைகிறோம். கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையின் வரலாற்றை 95 ஒலிப்பதிவுகளில் அடக்கி, 1993-ஆம் ஆண்டில் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் நான்கு குறுந்தகடுகளாக வெளியிட்ட 'டஃபர் தேன் டஃப்' என்பதே அத்தொகுப்பு. தொகுத்தவர் ஸ்டீவ் பாரோ என்னும் பிரித்தானிய ஆய்வாளர். பின்னர் 1997-இல் பீட்டர் டால்டன் என்பவரோடு சேர்ந்து ரெகே இசைக்கு ஒரு விரிவான வழிகாட்டி நூலை எழுதியவரும் இவரே.

நம் வீடுகளில் இதற்கென்ன இடம் என்று கேட்கும் பெரியோர் இருப்பர். இசைக்கருவிகளோடு கூடிய பாட்டு ஆகுமா ஆகாதா என்னும் வினா பழையது. அறிஞர்கள் பல காலமாகப் பேசி வருவது. அதனைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தொகுப்பைக் கேளாதிருப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய நியாயம் ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. உழைத்தவன் பெயரும் அவனுக்குரிய பங்கும் பற்றிய நியாயம் அது. அன்றியும், இத்தொகுப்பின் முதற் பாட்டை உலகுக்கு அளித்தவர் பின்னாளில் இஸ்லாத்தின் பெயரைத் தாங்கியவர். அவரைப் பற்றி நாம் என்ன சாட்சி சொல்லப் போகிறோம் என்பது நமக்கு முன்னுள்ள சோதனையாகும்.

தட்டைச் சுரண்டிய தொழில்

ஜமைக்கா, ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாடு. பிரித்தானியப் பேரரசு 1834-இல் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது. முழு விடுதலை 1838-இல்தான் வந்தது. நாடு தன்னாட்சி பெற்றது 1962 ஆகஸ்ட் 6-ஆம் நாள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, தலைநகரான கிங்ஸ்டனில் ஏழை மக்களின் பொழுதுபோக்காக ஒரு புதிய ஏற்பாடு தோன்றியிருந்தது. இசைக்குழுவை அமர்த்தப் பணமில்லாத மக்களுக்காக, அலமாரி அளவுள்ள ஒலிபெருக்கிகளைத் திறந்த வெளியில் நிறுத்தி அமெரிக்க இசைத்தட்டுகளை முழக்கும் ஏற்பாடு அது. அதனைச் 'சவுண்ட் சிஸ்டம்' என்றனர். டியூக் ரீட் என்பவரும், காக்ஸன் என்று அழைக்கப்பட்ட கிளெமென்ட் டாட் என்பவரும் இத்தொழிலில் பெரும் போட்டியாளர்கள்.

எவரிடமும் இல்லாத தட்டு எவரிடம் இருக்கிறதோ அவர் பக்கம் கூட்டம் சேரும். ஆகவே, அமெரிக்காவிலிருந்து அரிதாகக் கிடைத்த தட்டின் நடுவிலுள்ள பெயர்த்தாளை இவர்கள் சுரண்டி எடுத்துவிடுவர். பாடியவர் யார், பாட்டின் பெயர் என்ன என்பது போட்டியாளருக்குத் தெரியலாகாது. வில்லிஸ் ஜாக்சன் என்னும் அமெரிக்கக் கலைஞரின் ஒரு தட்டைக் காக்ஸன் இவ்வாறு சுரண்டி, அதற்குத் தம் பெயரையே சூட்டிக் 'காக்ஸன் ஹாப்' என முழக்கி வந்தார். அதன் உண்மைப் பெயரை டியூக் ரீட் கண்டுபிடித்துத் தாமும் ஒரு படி வாங்கி ஒலிக்கச் செய்தபோது காக்ஸன் திகைத்துப் போனார் என்பது அந்நாட்டு இசை வரலாற்றில் பலரும் சொல்லும் கதை.

தமிழில் சுரண்டுதல் என்னும் ஒரே சொல் இரு பொருள் தரும். தாளைச் சுரண்டுவதும் சுரண்டல். உழைப்பைச் சுரண்டுவதும் சுரண்டல். ஜமைக்காவின் இசைத்தொழிலில் முதற்சுரண்டல் இரண்டாவதற்குப் பயிற்சிக் களமாயிற்று என்பது நம் துணிபு. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் இசைச்சுவை மாறியது. கிங்ஸ்டன் மக்கள் விரும்பிய வகைத் தட்டுகள் வருவது குறைந்தது. உடனே இந்த முதலாளிகள் உள்ளூர்ப் பாடகரைக் கொண்டு தாமே பதிவு செய்யத் தொடங்கினர். காக்ஸன் 1963-இல் 'ஸ்டூடியோ ஒன்' என்னும் பதிவுக்கூடத்தை நிறுவினார். பாடகருக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பர். அத்துடன் கணக்கு முடிந்தது. வெறுந்தாள் ஒட்டிய தட்டுகள் கடைக்கு வந்தன. பாடியவர் பெயர் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இராது. வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இராது.

இத்தகைய தொழிலின் விளைச்சலிலிருந்து ஒரு தொகுப்பை உருவாக்குவது எத்துணைக் கடினம் என்பதை வாசகர்கள் உணர வேண்டும். பாட்டைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அது எந்த ஆண்டில், எவர் வீட்டில், எவர் கையால் உண்டாயிற்று என்று சுரண்டப்பட்ட இடத்தில் மீண்டும் எழுதுவது மீதிப் பாதி. இவ்விரண்டாம் பாதியில்தான் பாரோவின் தகுதி விளங்குகிறது.

தொகுப்பின் அமைப்பு

நான்கு தட்டுகளும் கால வரிசையில் நிற்கின்றன. முதலாவது 1958 முதல் 1967 வரை. இரண்டாவது 1968 முதல் 1974 வரை. மூன்றாவது 1975 முதல் 1981 வரை. நான்காவது 1982 முதல் 1993 வரை. ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே, டான்ஸ்ஹால் என்று பெயர் மாறி மாறி வந்த ஒரே இசையின் வளர்ச்சி இவ்வரிசையில் படிப்படியாகத் தெரிகிறது. ரெகே என்னும் சொல்லே 1968-இல் டூட்ஸும் மேடல்ஸ் குழுவினரும் பாடிய பாட்டொன்றின் தலைப்பில் பரவலாக அறிமுகமாயிற்று.

இசையறியாதாருக்கு இதன் இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நான்கெண்ணித் தாளம் போடும்போது நம் கை விழும் இடத்தில் இவர்கள் கிடார் ஒலிப்பதில்லை. இரு தட்டுகளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் அது வெட்டியொலிக்கும். முதல் தட்டில் முரசு மௌனமாயிருக்க, மூன்றாம் தட்டில் ஓங்கி விழும். பிற இசைகளில் அடியில் மறைந்திருக்கும் பாஸ் கிடார் இதில் முன்னே வந்து பாட்டின் முதுகெலும்பாகி நிற்கும். குரல் அதன் மேல் நின்று முறையிடும். சில வேளை நகைக்கும்.

முதல் தட்டில் தியோஃபிலஸ் பெக்ஃபோர்டு என்பவரின் 'ஈஸி ஸ்னாப்பிங்' இடம்பெற்றிருக்கிறது. 1956-இல் பதிவாகி 1959-இல் வெளிவந்த இப்பாட்டில்தான் இடைவெளித் தட்டின் அழுத்தம் முதலில் துலங்குகிறது என்று ஆய்வாளர் கூறுவர். இந்த மனிதர் பாடியதோடு நில்லாமல் எண்ணற்ற பிறர் பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தவர். ஸ்காவின் பிறப்பில் பங்கு கொண்ட இவரைத் தீவுக்கு வெளியே அறிந்தோர் மிகச் சிலர். 'சிம்மர் டவுன்' என்னும் பாட்டோடு 1964-இல் புகழ்பெற்ற வெய்லர்ஸ் குழு அதே தட்டில் இருக்கிறது. அக்குழுவின் பாப் மார்லியை அறியாதார் இன்று எந்நாட்டிலும் இலர். ரெகே என்றால் மார்லி, மார்லி என்றால் ரெகே என்று உலகம் சுருக்கி வைத்திருக்கிறது. இத்தொகுப்பிலோ அவர் பலருள் ஒருவர். புகழ்பெற்றவரையும் மறக்கப்பட்டவரையும் ஆண்டு என்னும் ஒரே விதியால் ஒரே வரிசையில் நிறுத்தியது பாரோவின் சிறந்த தீர்ப்பு. தொழுகையின் ஸஃப்பில் செல்வரும் வறியரும் தோளோடு தோள் சேர்வதை அறிந்த நமக்கு இத்தகைய வரிசையின் அழகை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தலையும் கடையும் ஒரே பாட்டு

இத்தொகுப்பின் தலைவாயிலில் நிற்கும் பாட்டு 'ஓ கரோலினா'. 1960-ஐ ஒட்டி ஃபோக்ஸ் சகோதரர் பாடியது. கடைவாயிலில் நிற்பதும் அதே 'ஓ கரோலினா'தான். இம்முறை ஷாகி என்னும் இளைஞர் குரலில், 1993-இல் பிரித்தானியாவின் பாட்டு வரிசையில் முதலிடம் பெற்ற வடிவம். முதலில் கைமுரசு, கடைசியில் இயந்திர முரசு. இடையே முப்பதாண்டு வரலாறு. முதலடியின் எழுத்தில் தொடங்கி அதே எழுத்தில் முடியும் மண்டலப் பாவைப் போன்ற இவ்வமைப்பு கேட்போர் செவிக்கே வரலாற்றை விளங்க வைக்கிறது.

அந்த முதல் வடிவத்தைத் தயாரித்தவர் பிரின்ஸ் பஸ்டர். 1938-இல் கிங்ஸ்டனில் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் செசில் பஸ்டமென்டே கேம்பல். குத்துச்சண்டை பழகியவர். காக்ஸனிடம் வேலை பார்த்துப் பின்னர்த் தமக்கென ஒரு சவுண்ட் சிஸ்டத்தைத் தொடங்கி, அதற்கு மக்கள் குரல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 'ஓ கரோலினா' பதிவுக்காக இவர் செய்த துணிவான செயல் ஒன்றுண்டு. கவுண்ட் ஆஸி என்னும் முரசுக் கலைஞரையும் அவர்தம் குழுவினரையும் பதிவுக்கூடத்துக்கு அழைத்து வந்தார். அவர்கள் ராஸ்தாஃபாரி வழியினர். அன்றைய ஜமைக்காவின் மேட்டுக்குடியினரால் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவர். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியைத் தெய்வமாகக் கொள்ளும் அவர்தம் கொள்கையை ஓரிறைக் கொள்கையுடைய நாம் ஏற்க இயலாது. ஆயினும் ஏழை என்பதால் ஒதுக்கப்பட்டவனை அழைத்து அமர வைத்த கையை நாம் மதிக்கிறோம். ஆப்பிரிக்க முரசொலி ஜமைக்கத் தட்டுகளில் உரத்து ஒலிக்கத் தொடங்கியது அந்நாளில்தான்.

1964-இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது பஸ்டர் குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலீயைச் சந்தித்தார். அதன் பயனாக இஸ்லாத்தின் பெயரால் இயங்கிய 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தில் சேர்ந்து, யூஸுஃப் முஹம்மத் அலீ என்னும் பெயரைப் பூண்டார். தாம் வெளியிட்ட தட்டுகளுள் ஒரு வரிசைக்கு 'இஸ்லாம்' என்றே பெயரிட்டார். அவ்வியக்கத்தின் அன்றைய கோட்பாடுகள் சில, உலக முஸ்லிம்களின் பொது நம்பிக்கைக்கு மாறானவை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1975-இல் அதன் தலைவர் எலைஜா முஹம்மத் காலமானபின், அவர் மகன் வாரிஸுத்தீன் முஹம்மத் பெரும்பான்மையோரை ஸுன்னத் வல்ஜமாஅத் நெறிக்கு அழைத்து வந்தார் என்பதும் வரலாறு. பஸ்டர் 2016 செப்டம்பர் 8-ஆம் நாள் அமெரிக்காவின் மயாமி நகரில் காலமானார்.

பெயரை மாற்றிக்கொள்வது அந்த மக்களுக்கு வெறும் அலங்காரமன்று. அடிமையாய் வந்திறங்கியவனின் பெயரைப் பறித்துவிட்டு எசமானன் தன் விருப்பப்படி ஒரு பெயரை ஒட்டினான். அப்பெயரே பேரன் பேத்திகளுக்கும் தொடர்ந்தது. இதற்குச் சான்று ஜமைக்காவிலேயே உண்டு. திம்புக்தூவில் பிறந்து, ஜென்னே நகரில் வளர்ந்து, குர்ஆன் பயின்ற அபூபக்ர் அஸ்ஸித்தீக் என்னும் முஸ்லிம் இளைஞர் போரிற் பிடிபட்டு ஜமைக்காவில் விற்கப்பட்டார். எசமானர்கள் அவருக்கு எட்வர்டு என்று பெயரிட்டனர். முப்பதாண்டளவு சென்றபின்னும் அவர் அரபு எழுத்தை மறக்கவில்லை. பண்ணைக் கணக்கையே அவ்வெழுத்தில் எழுதி வந்தார். 1834-இல் மேடன் என்னும் நீதிபதியின் முயற்சியால் விடுதலை பெற்றபோது, தம் வரலாற்றை அரபியில் எழுதினார். அதில் தம் பெயரையும் தந்தை பெயரையும் குல வழியையும் பொறித்து வைத்தார். சுரண்டப்பட்ட பெயரைத் தம் கையாலேயே மீண்டும் எழுதிய அந்த ஏடு, ஜமைக்காவின் இசைத்தட்டுகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது. பஸ்டர் யூஸுஃப் முஹம்மத் அலீ ஆனதும் அந்த நீண்ட வழக்கில் ஒரு மனு என்றே நாம் கருதுகிறோம்.

நம்மவர் என்னும் சோதனை

இதுவரை சொன்னவை நம் நெஞ்சுக்கு இனியவை. இனிச் சொல்லப்போவது அத்துணை இனியதன்று.

'ஓ கரோலினா'வை இயற்றியவர் யார் என்னும் கேள்வி, ஷாகியின் வடிவம் உலகெங்கும் விற்ற பின் பெரிதாக எழுந்தது. பாட்டு தம்முடையது என்பது பஸ்டரின் வாதம். ஃபோக்ஸ் சகோதரருள் ஒருவரான ஜான் ஃபோக்ஸ், அதை எழுதியவர் தாமே என்றார். வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1994-இல் தீர்ப்பு ஜான் ஃபோக்ஸின் பக்கம் வந்தது. இயற்றியவர் அவரே என்று உறுதியாயிற்று. பாட்டு பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே அதன் ஆக்கியோன் பெயர் சட்டப்படி அவருக்குத் திரும்பியது.

அடிமைப் பெயரைத் தூக்கியெறிந்து தம் பெயரைத் தாமே தேர்ந்தெடுத்த ஒருவர், பிறன் எழுதிய பாட்டின் மேல் உரிமை கொண்டாடினார். இது கசப்பான முரண். இதனை எழுதாமல் விட்டுவிடலாம் என்று சிலர் ஆலோசனை கூறக்கூடும். நம்மவர் ஒருவரைப் பற்றிப் பெருமையாக எழுதுங்கள், குறையை ஏன் கிளறுகிறீர்கள் என்பர். நம் சமுதாயத்து ஏடுகளில் இத்தகைய கட்டுரைகள் குறைவில்லை. உலகப் புகழ்பெற்ற எவரேனும் கலிமாச் சொன்னார் என்று கேட்டவுடன் அவர்மேல் மாலைகளைக் குவிக்கிறோம். அவர் யாருக்கேனும் கடன்பட்டிருக்கிறாரா என்று கேட்பதில்லை. பெற்றோருக்கும் உற்றாருக்கும் நமக்குமே எதிராயினும் நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள் என்பது திருமறையின் கட்டளையன்றோ? அந்தக் கட்டளைக்கு இசைத்தட்டு விலக்கன்று.

இதனால் பஸ்டரின் தகுதி குன்றிவிடுமா? குன்றாது. கவுண்ட் ஆஸியை அழைத்து வந்தவர் அவரே. அந்த ஒலியைக் கற்பனையில் முன்னரே கேட்டவரும் அவரே. தயாரித்தவன் வேறு, இயற்றியவன் வேறு, முரசடித்தவன் வேறு. மூவருக்கும் மூன்று ஹக்குகள் உண்டு. ஒருவனது ஹக்கை மற்றொருவன் எடுத்துக்கொள்ளாமல் மூன்றையும் தனித்தனியே எழுதி வைப்பதுதான் நியாயம்.

தொகுப்பின் குறைகள்

இவ்வளவுகோலை இனித் தொகுப்பின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதற்குறை அதன் வரிசை முறையிலேயே இருக்கிறது. ஜமைக்க இசையில் ஒரு பாட்டின் பின்னணி அந்தப் பாட்டோடு முடிவதில்லை. 'ரிதிம்' என்று அவர்கள் அழைக்கும் தாள-பாஸ் அமைப்பு ஒரு முறை பதிவானால், அதன்மேல் வேறு பாடகர் வேறு சொற்களை ஏற்றிப் பாடுவர். ஸ்டூடியோ ஒன்னில் 1960-களின் பிற்பகுதியில் சவுண்ட் டைமென்ஷன் என்னும் குழு வாசித்த 'ரியல் ராக்' என்னும் இசைத்துண்டு, அதன்பின் பிறந்த எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்தளமாயிற்று. ஒரே சந்தத்தில் நூறு புலவர் பாடுவது போன்றது இது. வேறுபாடு என்னவெனில், இங்கே சந்தம் என்பது யாரோ ஒரு தொழிலாளி தன் விரலால் வாசித்த உழைப்பு. ஆண்டு வரிசையில் பாடகர் பெயரிட்டு அடுக்கும்போது இந்தக் கொடிவழி மறைந்துவிடுகிறது. எந்தப் பாட்டு எந்தப் பாட்டின் பேரன் என்று கேட்போருக்குத் தெரிவதில்லை. ஜாக்கி மிட்டூ என்னும் விசைப்பலகைக் கலைஞரும், லீராய் சிபிள்ஸ் என்னும் பாஸ் கலைஞரும் பிறர் பாட்டுகளில் விட்டுச்சென்ற கைவண்ணத்தை அறிய, இதனோடு வேறு நூல்களையும் நாட வேண்டியிருக்கிறது.

இக்குறைக்குப் பாரோ ஒருவரைப் பழிப்பது தகாது. ஜமைக்கா தனக்கென ஒரு காப்புரிமைச் சட்டத்தை இயற்றி நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1993-ஆம் ஆண்டில்தான், அதாவது இத்தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டில். அதுவரை அங்கே செல்லுபடியாகி வந்தது 1911-ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம். தொகுப்பில் அடங்கிய பாட்டுகளெல்லாம் அப்பழைய சட்டத்தின் நிழலில் பிறந்தவை. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தினராகிய நாம், ஒரு நாட்டின் இசையே அதன் சட்டத்தைவிட மூத்ததாய் இருந்த நிலையை எண்ணி வருந்துகிறோம்.

இரண்டாம் குறை, பெண் குரல்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே ஒலிப்பது. 'மை பாய் லாலிபாப்' பாடி 1964-இல் ஜமைக்க இசையை உலகறியச் செய்தவர் மில்லி ஸ்மால் என்னும் இளநங்கை. சோனியா பாட்டிஞ்சர் என்னும் பெண்மணி ஆண்களே நிறைந்த தொழிலில் தயாரிப்பாளராக வெற்றி கண்டார். 1982-இல் 'பாம் பாம்' பாடிய சிஸ்டர் நான்சி, தம் பாட்டு உலகெங்கும் ஒலித்தும் முப்பதாண்டுக்கு மேல் அதற்குரிய ஊதியம் பெற்றாரில்லை. 2014-இல் ஒரு விளம்பரத்தில் தம் குரலைக் கேட்ட பிறகே உரிமை கேட்டு எழுந்தார். பாடகர் பெயரே சுரண்டப்பட்ட தொழிலில் பாடகியின் பெயர் இருமுறை சுரண்டப்பட்டது. தொகுப்பாளர் இதனை இன்னும் கூர்ந்து நோக்கியிருக்கலாம்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் இன்னொன்று உண்டு. 1985-இல் கிங் ஜாமி தயாரிப்பில் வெய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' நான்காம் தட்டில் இருக்கிறது. வாத்தியக்காரரை விட்டுவிட்டுக் கேசியோ நிறுவனத்தின் சிறு மின்விசைப்பலகை ஒன்றில் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்த தாளத்தைக் கொண்டு உருவான பாட்டு அது. ஜமைக்க இசையின் போக்கையே மாற்றியது. அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒக்குடா ஹிரோக்கோ என்னும் ஜப்பானியப் பெண்மணி. 1980-இல் அந்நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கிங்ஸ்டன் நகரம் அந்தத் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது அவர் பெயரை அங்கு அறிந்தவர் இலர். மிகப் பின்னரே உலகம் அவரைத் தெரிந்துகொண்டது. சுரண்டப்படும் பெயர் ஜமைக்கரின் பெயராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவதாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான்காம் தட்டில் வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்கத் தகாத பாட்டுகள் சில உள. பிற தட்டுகளிலும் கஞ்சாவைப் போற்றும் பாட்டுகள் உண்டு. அந்தச் சொல்லே 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாய் அங்கே சென்ற இந்தியரோடு கப்பலேறிய சொல் என்பதை நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டும். இவற்றை விலக்கியே தீர வேண்டும் என்பது நம் கருத்து. ஆயினும் இவற்றைக் காட்டி முழுத் தொகுப்பையும் புறக்கணிப்பது நேர்மையாகாது. 1975-இல் பர்னிங் ஸ்பியர் பாடிய 'மார்கஸ் கார்வி' கறுப்பின மக்களின் தலைவரான அப்பெருமகனாரின் வாக்கை நினைவூட்டி எழுந்த முறையீடு. ஜஸ்டின் ஹைண்ட்ஸின் 'கேரி கோ பிரிங் கம்' புறம்பேசித் திரிவோரைக் கண்டிக்கும் பாட்டு. புறம்பேசுதலின் கேட்டை ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அதன் கருத்து அந்நியமாய்த் தோன்றாது.

இனிக் கேட்போர்க்கு

2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் ரெகே இசையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. ஒரு காலத்தில் ஏழைகளின் கூச்சல் என்று ஒதுக்கப்பட்ட ஒலி இன்று உலகப் பட்டியலில் ஏறியிருக்கிறது. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பட்டியலில் ஏறியது இசையின் பெயர். இசைத்தவரின் பெயர்கள் ஏறவில்லை. இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்போருக்குத் திரையில் தெரிவது பெரும்பாலும் பாட்டின் தலைப்பும் பாடகர் பெயரும் மட்டுமே. முரசடித்தவரையும், பாஸ் வாசித்தவரையும், இயற்றியவரையும் தேடித்தான் அறிய வேண்டும். பழைய கிங்ஸ்டன் முதலாளிகள் நாணயத்தின் விளிம்பால் சுரண்டியதை இன்றைய வசதி ஓசையின்றிச் சுரண்டுகிறது.

ஆகையால் இத்தொகுப்பைப் பெற விரும்புவோர், பழைய பதிப்பு கிடைத்தால் உள்ளிருக்கும் சிற்றேட்டோடு சேர்த்தே பெறுக என்று பரிந்துரைக்கிறோம். முதல் இரண்டு தட்டுகளிலிருந்து தொடங்குவது நன்று. வீட்டு இளைஞர்கள் கேட்பதாயின், ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், இயற்றியவர், தயாரித்தவர், ஆண்டு என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். முதல் வரியில் 'ஓ கரோலினா' என எழுதி, பாடியவர் ஃபோக்ஸ் சகோதரர், இயற்றியவர் ஜான் ஃபோக்ஸ், முரசு கவுண்ட் ஆஸி குழுவினர், தயாரித்தவர் பிரின்ஸ் பஸ்டர் என்கிற யூஸுஃப் முஹம்மத் அலீ என்று அவர்கள் நிரப்பட்டும். நம்மவர் பெயர் அந்த வரியின் கடைசியில் அதற்குரிய இடத்தில் நிற்கும். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவர் செய்த நன்மைகளை ஏற்றுக்கொள்வானாக.